ஈளை நோயும் அணுக்களின் தூதும்

ஒரே அறையில் தூசி பறக்கிறது. ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது. அடுத்தவருக்கு ஒன்றும் நேர்வதில்லை. தூசி ஒன்றுதான், உடல்தான் வேறு. அவ்வேற்றுமை எங்கே உறைகின்றது?

1921-ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் இருவர் இதற்கு விடை தேடினர். கியூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. அவருடைய இரத்தத்தின் தெளிநீரைப் பிராஸ்னிட்ஸ் தம் தோலினுள் செலுத்திக்கொண்டார். மறுநாள் அவ்விடத்தில் மீன்சாற்றை ஏற்றவே, தோல் சிவந்து தடித்தது. (இத்துணிவை மாணவர்கள் வியந்தால் போதும்; பின்பற்ற வேண்டா.) ஒவ்வாமைக்குரிய பொருள் இரத்தத்தில் உள்ளது என்பது விளங்கிற்று. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும், சுவீடனில் ஜொஹான்சன், பென்னிக் ஆகியோரும் அதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். ஐ.ஜி.ஈ. என்பது அதன் பெயர். அதனைப் பற்றிக்கொண்டு செயலறச் செய்யும் ஒமாலிசுமாப் என்னும் மருந்து 2003-இல் அமெரிக்காவில் ஆஸ்துமாவுக்கு அனுமதி பெற்றது.

ஐ.ஜி.ஈ. மட்டுமே காரணமன்று. நம் வெண்ணணுக்கள் ஒன்றுக்கொன்று தூது அனுப்புகின்றன; அத்தூதர்கள் இன்டர்லூக்கின் எனப்படும் புரதங்கள். ஐந்தாம் இன்டர்லூக்கின், இயோசினோஃபில் என்னும் வெண்ணணுக்களை எலும்பு மச்சையில் பெருக்கி, நெடிது வாழச் செய்கிறது. அவை மூச்சுக் குழல்களில் குவிந்தால் குழற்சுவர் வீங்குகிறது.

அத்தூதரை மறிக்க மெப்போலிசுமாப் என்னும் மருந்து வந்தது. 2007-இல் வெளியான சோதனையில் அந்த அணுக்கள் இரத்தத்தில் குறைந்தன. நோயாளிகளின் மூச்சோ குறிப்பிடத்தக்க அளவு தேறவில்லை. வழியே தவறு என்று பலரும் எண்ணியிருக்கக்கூடும். ஆயினும் 2009-இல் பிரிட்டனிலும் கனடாவிலும் சிலர், ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டும் சளியில் அவ்வணுக்கள் நீங்காதவர்களை மட்டும் தேர்ந்து அதே மருந்தை அளித்தனர். நோய் சீறியெழும் தடவைகள் நன்கு குறைந்தன! மருந்து மாறவில்லை, நோயாளியைத் தேர்ந்த முறையே மாறியது. ஆஸ்துமா என்று ஒரே பெயரிட்டதனால் ஒரே நோய் என்று கொண்டதே பிழை. பல்லாண்டு வகுப்பறையில் நின்ற எனக்கு, பின்வந்த வெற்றியைவிட அந்த 2007-ஆம் ஆண்டின் தோல்வியே மிகுந்த சுவை பயக்கிறது. 2015-இல் அம்மருந்தும் அனுமதி பெற்றது.

அதன்பின், நான்காம், பதின்மூன்றாம் இன்டர்லூக்கின்கள் இரண்டும் வந்து தட்டும் பொதுவாயிலை அடைக்கும் டுபிலுமாப் 2018-இலும், குழற்சுவரிலிருந்தே எழும் முதல் அபாய அறிவிப்பை மறிக்கும் டெசெபெலுமாப் 2021-இலும் ஆஸ்துமாவுக்கு இசைவு பெற்றன. இவையெல்லாம் கடுமையான நோய்க்கு, வாரக்கணக்கில் இடைவெளிவிட்டுத் தோலின்கீழ் இடப்படும் ஊசிகள். நள்ளிரவில் இழுப்பு வந்துவிட்டால் இவை உடனே உதவா. அப்போது குழலை விரிக்கும் உறிஞ்சு மருந்தே கைகொடுக்கும்.