இதய மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சளி பிடித்தால்...

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் திருப்பாச்சூர் பக்கம் யாராவது ஒருவர் தும்மாத வீட்டைப் பார்ப்பது அரிது. காக்களூர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து நனைந்துகொண்டே பைக்கில் திரும்புகிறவரும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவரும் சாலையோர மெடிக்கலில் நின்று சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "அண்ணே, மூக்கு அடைச்சிருக்கு, உடம்பெல்லாம் வலிக்குது. ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க." கடைக்காரர் மூன்று அட்டைகளிலிருந்து கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருவார். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர்கூட முழுதாக இருக்காது.

திடமான இளைஞருக்கு இதனால் பெரும்பாலும் கெடுதல் வருவதில்லை. அதே கவர் ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்துகொண்டவர், வால்வு மாற்றியவர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் கைக்குப் போனால் கதை வேறு. அப்போது ஒரு கேள்வி கட்டாயம் வர வேண்டும்: "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" கூட்ட நேரத்தில் அந்தக் கேள்வியைப் பல கடைகளில் யாரும் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை.

அந்தக் கவரில் என்ன இருக்கிறது? சளி மாத்திரை என்று நாம் வாங்குவது பெரும்பாலும் ஒரே மாத்திரைக்குள் அடைத்த மூன்று நான்கு மருந்துகள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கு ஒழுகுவதற்குக் குளோர்பெனிரமைன், மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின், சிலவற்றில் கஃபீனும் உண்டு. மூக்கடைப்பு மருந்து ரத்தக் குழாய்களைச் சுருக்கி வேலை செய்கிறது. அது மூக்கிலுள்ள குழாய்களோடு நின்றுவிடாது. உடம்பு முழுக்கக் குழாய்கள் சுருங்கினால் பிரஷர் ஏறும், இதயத் துடிப்பு மாறும். சூடோஎஃபெட்ரின் என்ற மருந்துக்கும் இதே குணம்தான். பிரஷரைக் குறைக்க ஒரு மாத்திரையும் அதை ஏற்ற இன்னொரு மாத்திரையும் ஒரே வயிற்றுக்குள் போகின்றன.

இந்தக் குடும்பத்தில் பினைல்புரோபனோலமைன் என்றொரு மருந்து இருந்தது. பல ஆண்டுகள் சளி மாத்திரைகளில் அது சாதாரணமாகக் கலந்திருந்தது. அதனால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து, குறிப்பாகப் பெண்களுக்கு, கூடுகிறது என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அமெரிக்கா 2000-லேயே அதை விலக்கச் சொன்னது. இந்தியாவில் தடை அறிவிக்கை வந்தது 2011 பிப்ரவரியில்.

ஃபினைலெஃப்ரினைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அதை மாத்திரையாக விழுங்கினால் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்துபோகிறது. மூக்கடைப்புக்கு வாய்வழி ஃபினைலெஃப்ரின் பயன் தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. பயனே இல்லாத மருந்துக்காக இதய நோயாளி சின்ன ஆபத்தைக்கூட ஏன் ஏற்க வேண்டும்?

ஆனால் என் பயம் முதலில் உடம்பு வலி மாத்திரையைப் பற்றியது. ஐபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக், அசிக்குளோஃபெனாக், நிமசுலைடு என்று பல பெயர்களில் அது வருகிறது. இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மருந்துகளின் வேலையைக் குறைக்கும். நீர் பிரிய ஃபுரோசமைடு சாப்பிடுகிறவருக்கு நீர் பிரியாமல் கால் வீங்கும், மூச்சு வாங்கும், சிறுநீரகமும் அடிபடும். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோகிரெலோ சாப்பிடுகிறவருக்கு வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். ஆஸ்பிரின் செய்ய வேண்டிய வேலையையே ஐபுபுரோஃபென் தடுத்துவிடக்கூடும். "ஊசி போட்டா உடனே கேட்கும்" என்று கிளினிக்கில் கேட்டு வாங்கும் வலி ஊசியிலும் பல நேரம் டைக்குளோஃபெனாக்தான் இருக்கிறது. வால்வு மாற்றி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்குச் சதையில் ஊசி போட்டால் அந்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளவும் கூடும்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் இதய நோயாளிகளுக்குப் பொதுவாக ஏற்றது பாராசிட்டமால். 500 மில்லிகிராம் மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில், இரண்டு மூன்று நாள் போதும். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருப்பது தெரியாமல் இரண்டையும் போட்டுக்கொள்வதுதான் ஆபத்து. அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தொடர்ந்து சில நாள் பாராசிட்டமால் எடுக்க நேர்ந்தால் ரத்தம் உறையும் அளவை மருத்துவரிடம் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒழுகும் மூக்குக்குச் செட்டிரிசின் பெரும்பாலோருக்கு ஒத்துப்போகும். தூக்கம் வரும், அன்று மெஷின் பக்கம் போக வேண்டாம். மூக்கடைப்புக்கு வெறும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே நல்லது.

ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவது இன்னொரு பழக்கம். சளி வைரஸால் வருகிறது. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அசித்ரோமைசின் சிலருக்கு இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கலாம் என்று 2013-லேயே அமெரிக்காவில் எச்சரித்தார்கள். கிளாரித்ரோமைசினைக் கொலஸ்ட்ரால் மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டினோடு சேர்த்தால் தசைகள் சிதையும் அபாயம் உண்டு.

நாட்டு மருந்துதானே என்று அதிமதுரத்தை நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு சொல். தொண்டைக்கு இதமானதுதான். அதிலுள்ள கிளைசிரைசின் பிரஷரை ஏற்றும், உடம்பின் பொட்டாசியத்தைக் குறைக்கும். டிகாக்சின் அல்லது ஃபுரோசமைடு சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். அமெரிக்காவில் 54 வயதுக்காரர் ஒருவர் அதிமதுர மிட்டாயைச் சில வாரங்கள் தினமும் தின்று இதயம் நின்று இறந்ததை 2020-ல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. மிளகு ரசம், துளசி, சுக்கு எல்லாம் சமையல் அளவில் சாப்பிடலாம். இதயம் பலவீனமாகி, நாளுக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று மருத்துவர் அளவு சொல்லியிருந்தால், கஷாயமும் ரசமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

எல்லா இருமலும் சளியால் வருவதல்ல. ராமிப்ரில், எனலாப்ரில் சாப்பிடும் சிலருக்கு வாரக்கணக்கில் வறட்டு இருமல் வரும். அதற்கு டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. மருத்துவர் மாத்திரையை மாற்றினாலே அது நிற்கும். படுத்தால் இருமல், உட்கார்ந்தால் நிம்மதி, கால் வீக்கம், திடீரென்று எடை ஏற்றம் என்றால் அது இதயம் தளர்வதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மார்பு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் 108.

சளி நாட்களில் "ரெண்டு மருந்தும் சேர்ந்தா சூடு" என்று இதய மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோகிரெலைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைப்பு வரலாம். சளி ஏழு முதல் பத்து நாளில் தானாகப் போகும். அந்த அடைப்பு அப்படிப் போகாது.

ஃப்ளூ காய்ச்சல் வேறு. அது உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடுகிறது என்று கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஆய்வு 2018-ல் சொன்னது. சென்னைப் பக்கம் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடுதான் அதிகமாகிறது. அதனால் இதய நோயாளிகள் புரட்டாசியிலேயே தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் தொடங்கிய பிறகு பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவரும் சகோதரியிடம் சளி பிடித்திருப்பதையும், என்ன வாங்கிப் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளைப் போட்டோ எடுத்து வீட்டில் எல்லோருடைய போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகிறவர் மகனாகவோ பேத்தியாகவோ இருக்கலாம். மெடிக்கல் நடத்தும் அண்ணன்மாரே, கத்தரியை எடுக்கும் முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். பெயர் தெரியும்படி அட்டையை வெட்டிக் கொடுங்கள்.