மூன்று வரிக்குள் ஒரு பெருமூச்சு

ஜப்பானின் டாய்-இச்சி ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1987-ல் ஒரு கவிதைப் போட்டியைத் தொடங்கியது. மாதச் சம்பளக்காரர்கள் தாங்கள் அலுவலகத்தில் படும் பாட்டைச் சென்ரியுவாக எழுதி அனுப்பலாம். ஆண்டுதோறும் வந்து குவிவதிலிருந்து நூறு கவிதைகளைப் பொறுக்கி வெளியிடுவார்கள். எது முதலிடம் என்பதை மக்கள் ஓட்டுப் போட்டுச் சொல்வார்கள். சொந்தப் பெயர் போட வேண்டியதில்லை, புனைபெயர் போதும். இந்தப் போட்டியில் எனக்குப் பிடித்ததே இதுதான். மேலாளர் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயம் விலகினால்தான் மனுஷன் வாய் திறப்பான்.

சென்ரியு நமக்குப் புதிதில்லை. ஈரோடு தமிழன்பன் ‘ஒரு வண்டி சென்ரியு’ என்று ஒரு தொகுப்பே தந்திருக்கிறார். ஹைக்கூ போலவே 5-7-5 என்று 17 அசை. ஹைக்கூவின் கண் பருவத்தின் மேல். சென்ரியுவின் கண் மனிதர் மேல். 18-ஆம் நூற்றாண்டில் எடோ நகரில் இவ்வகைக் கவிதைகளைத் தேர்ந்தெடுத்துத் தந்த கராய் சென்ரியுவின் பெயரே வடிவத்துக்கும் நிலைத்துவிட்டது. நாளெல்லாம் உழைத்துக் களைத்தவருக்கு இதைவிடத் தோதான வடிவம் கிடையாது. நாவல் எழுத யாருக்கு நேரம்? கூட்ட ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடியே மூன்று வரியை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கலாம்.

அந்தப் போட்டிக் கவிதைகளில் சிரிப்பு அதிகம். ஆனால் தொடங்கிய காலத்தைக் கவனியுங்கள். மறு வருஷமே, 1988-ல், அங்குள்ள வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் சேர்ந்து ‘கரோஷி 110’ என்றொரு தொலைபேசி உதவி எண்ணைத் திறந்தார்கள். கரோஷி என்றால் வேலைப்பளு தாங்காமல் சாவது. 110 அங்கே போலீஸைக் கூப்பிடும் எண். கணவனைப் பறிகொடுத்த பெண்கள் அழைத்தார்கள். கரோஷியைத் தடுப்பதற்கென்று ஒரு சட்டம் வர 2014 ஆயிற்று. மீறினால் தண்டனை என்கிற ஓவர்டைம் உச்சவரம்பு 2019-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அத்தனை வருஷமும் இந்தச் சம்பளக்காரர்கள் எதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

வேலையின் வலியை எழுதிய இன்னொருவர் ஜப்பானியக் கவிஞர் ஷினிச்சிரோ ஹகிவாரா. 1984-ல் பிறந்தவர். பள்ளியில் சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளானவர். பதினேழு வயதில் தன்கா எழுதத் தொடங்கினார்; அது 31 அசை கொண்ட ஜப்பானியக் குறுங்கவிதை. பட்டம் வாங்கிய பிறகும் நிரந்தர வேலை அமையவில்லை, தற்காலிக ஊழியராகவே காலம் போனது. அந்த வாழ்க்கையையே எழுதினார். ‘ஓடுபாதை’ என்று பொருள்படும் அவருடைய முதல் தொகுப்பு 2017 டிசம்பரில் வந்தது. ஆறு மாதம் முன்பே, 32 வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். வேலைதான் காரணம் என்று நான் எழுத மாட்டேன். பள்ளிக் காயம் ஆறவே இல்லை. கவிதை அவரைக் காப்பாற்றவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். உடைந்துபோகிற நிலையில் இருப்பவருக்கு மருத்துவர் வேண்டும், பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும். ஆனாலும் அந்தப் புத்தகம் பல்லாயிரம் பிரதிகள் விற்றது, 2020-ல் படமாகவும் வந்தது. தன்னைப் போலவே இன்னொருவனும் இப்படித்தான் இருந்தான் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு பேர் ஏங்கியிருக்கிறார்கள்.

எழுத உட்காருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ‘மன அழுத்தம்’ என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள். அது ஊருக்கே பொது. உங்களுடையது மேசை மேலோ, பைக்குள்ளோ கிடக்கும். ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் நான் இருந்தபோது, மார்ச் மாதம் முழுக்க வீடு திரும்ப ராத்திரி பதினொன்று ஆகிவிடும். கடைசி ரயிலில் ஒருநாள், டிபன் பாக்ஸ் மடியில் காலையில் இருந்த அதே கனத்தோடு இருந்தது. மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம் எழுதினேன்:

மத்தியானச் சோறு
ஊசிப்போய் வீடு திரும்புகிறது
என்னோடு சேர்ந்து.

மறுநாள் பக்கத்து மேசை அக்காவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். ஒன்றும் பேசாமல் கீழே குனிந்து தன் பையைத் திறந்து காட்டினார். முந்தின நாள் டப்பா, மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

அன்றைக்கு ஒரு மணிக்குப் பேரேட்டை மூடிவைத்துவிட்டு இரண்டு பேரும் எழுந்து சாப்பிடப் போனோம்.