இங்கிலாந்தின் ஊரகப் பங்குகளில் பகிர்ந்த இறைப்பணி

முன்னுரை

ஓர் ஊருக்கு ஓர் ஆலயம், அதற்கு ஒரு குரு என்பது இங்கிலாந்துத் திருச்சபை நெடுங்காலம் போற்றிய இலட்சியமாகும். ஒரே குரு பல பங்குகளின் வருவாயைப் பெறும் வழக்கத்தை 1838ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு பதவிகளுக்குள் கட்டுப்படுத்தியது. இருபதாம் நூற்றாண்டில் குருமார் எண்ணிக்கை குறைந்தபோது, அண்டைப் பங்குகள் மீண்டும் ஒரே குருவைப் பகிர நேர்ந்தது.

இணைப்பின் வகைகள்

லிங்கன்ஷயரில் 1949இல் உருவான சவுத் ஆம்ஸ்பி குழு இதற்கு முன்னோடியாகும். பின்னர் 1968ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இருவகை அமைப்புகளுக்கு வழிவகுத்தது. ‘அணி ஊழியத்தில்’ ஒரே பதவியின்கீழ்ப் பல குருமார் பணியாற்றுவர். ‘குழு ஊழியத்தில்’ ஒவ்வொருவரும் தத்தம் பதவியில் இருந்தவாறே பிறர் பங்குகளிலும் துணைபுரிவர்.

பதவிகள் இணைவதாலேயே பங்குகள் கரைந்துவிடுவதில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. தனிப் பங்காக நீடிக்கும் ஒவ்வோர் ஊருக்கும் தனக்கென மன்றமும் ஆலயக் காப்பாளர்களும் கணக்கும் உண்டு. எனவே ஆறு பங்குகளுக்குப் பொறுப்பேற்கும் குரு, ஆறு மன்றங்களின் பணிகளிலும் ஈடுபட வேண்டியவராகிறார்.

திருவிருந்தும் ஊர் வாழ்வும்

குரு சுழற்சி முறையில் வருவதால், மற்ற ஞாயிறுகளில் பயிற்சி பெற்ற சபையார் காலை வழிபாட்டை நடத்திப் பிரசங்கிக்கின்றனர். ஆயினும் திருவிருந்தை நிறைவேற்றும் உரிமை குருப்பட்டம் பெற்றோர்க்கே உரியது. அவர் வருகை அரிதாகும் ஊரில் திருவிருந்தும் அரிதாகிறது. மாதத்தின் ஐந்தாம் ஞாயிறன்று அனைத்துப் பங்கினரும் ஓர் ஆலயத்தில் கூடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது ஊர்களிடையே உறவை வளர்ப்பினும், பயண வசதியற்ற முதியோர்க்கு எட்டாததாகலாம்.

முடிவுரை

குருமார் பற்றாக்குறையால் வலுப்பெற்ற இம்முறை, ஊராரின் பொறுப்புணர்வாலேயே நிலைபெறுகிறது. ஆலயக் கதவைத் திறப்போரும் கல்லறைத் தோட்டத்தைப் பேணுவோரும் நோயுற்றோரைச் சந்திப்போரும் உள்ளூரில் இருக்கும்வரை, குரு அங்கே வசிக்காவிடினும் பங்கு உயிர்ப்புடன் விளங்கும்.