கடலோரத்தில் வீடா? பெயின்ட் வாங்கும் முன் சுவரைப் பாருங்க!

பொங்கலுக்குள் வீட்டுக்கு பெயின்ட் அடிச்சிடணும் என்பது நம்ம ஊர் வழக்கம். ஆனால் திருவொற்றியூர், கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலை ஒட்டி வசிப்பவர்களுக்கு அது சிக்கலான நேரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஊறிய சுவர் காயும் முன்பே பெயின்ட் அடித்தால், சில மாதங்களிலேயே கொப்புளம் விட்டு உரியும். வெளிச்சுவர் வேலையை மட்டுமாவது மழைக்காலம் முடிந்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் உரிகிறது?

கடல் காற்றில் வரும் உப்பு, சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும்; மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். அதன் மேல் அடித்த பெயின்டுக்குப் பிடிப்பு இருக்காது.

சுவருக்குள்ளிருந்தும் உப்பு வரும். உள்ளே இறங்கிய தண்ணீர், செங்கலிலும் சிமென்டிலும் உள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். தண்ணீர் ஆவியானதும் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். விலை கூடிய பெயின்ட் இதற்கு மருந்தல்ல. மொட்டைமாடி விரிசலா, குழாய்க் கசிவா, தரையிலிருந்து ஏறும் ஓதமா என்று பார்த்து, முதலில் அதைச் சரிசெய்யணும்.

வீட்டிலேயே ஒரு சோதனை: ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து, சுவரைத் தொடும் பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. பெயின்ட் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

எழுதி வாங்குங்கள்

ரேட்டைக் குறைத்துச் சொல்பவர் பெரும்பாலும் கைவைப்பது முன்வேலையில்தான். எனவே பெயின்டரிடமோ கான்ட்ராக்டரிடமோ இவற்றை எழுத்தில் கேளுங்கள்:

• உரிந்த பெயின்டைச் சுரண்டுவது, பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுப்பது, வெளிச்சுவரைக் கழுவிக் காயவிடுவது
• விரிசல் அடைப்பது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போடுவது (உள்சுவர் பட்டியை வெளியே பூசக்கூடாது)
• ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். வெளிச்சுவருக்கு வெளிப்புற வகை மட்டுமே
• ஜன்னல் கம்பியில் துரு நீக்கி, மறுபடி உப்பு படியும் முன் அன்றைக்கே பிரைமர்
• சதுர அடிக் கணக்கு: கதவு, ஜன்னல் கழித்தா, கழிக்காமலா? கூலி மட்டுமா, பொருளும் சேர்த்தா?

உதாரணமாக, 12 அடிக்கு 10 அடிச் சுவர் 120 சதுர அடி. அதில் 4 அடிக்கு 4 அடி ஜன்னலைக் கழித்தால் 104. வீடு முழுக்க இப்படிக் கணக்கிட்டால் வித்தியாசம் தெரியும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்டில் 90 பிபிஎம்முக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. சுரண்டும்போது குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

வேலை சரியில்லையா?

பில், எழுதிய ஒப்பந்தம், பெயின்ட் டப்பாவின் பேட்ச் எண், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், எல்லாம் உங்கள் போனிலேயே இருக்கட்டும். பேசித் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே பதியலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் கட்டணம் இல்லை.

சாரத்தில் ஏறுபவரையும் பாருங்கள்

மாடி உயரத்தில் வேலை என்றால் உறுதியான சாரம், பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் ஏற விடாதீர்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பெயின்டர்களும் உறுப்பினராகலாம். விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. “அண்ணே, நல வாரியத்துல பதிஞ்சிருக்கீங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால், ஆன்லைனில் விண்ணப்பிக்க உங்கள் போனிலேயே உதவலாம்.