காது கேட்கணும்... கெடக் கூடாது!

ஆவுடையார்கோவில்ல உட்கார்ந்து பி.ஜி.எம்.ஐ. ஆடுற மகாஜனங்களே! ஹெட்செட் வாங்க அறந்தாங்கிக்கு பஸ் ஏறப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

பெட்டியில '7.1 சரவுண்ட்'னு பெருசா போட்டிருக்கும். உடனே விழுந்துடாதீங்க. நம்ம கோவில் கொடுங்கையைப் பாருங்க... மரச்சட்டம், கம்பி, ஆணின்னு தோணும், அத்தனையும் கல்லு! இங்கேயும் அதே கதைதான். பெரும்பாலான ஹெட்செட்ல காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான்; மிச்சமெல்லாம் சாஃப்ட்வேர் ஜாலம். சத்தம் ரெண்டு காதுக்கும் வந்து சேர்ற நேரம், அளவு... இந்த வித்தியாசத்தை வெச்சுத்தான் எதிரி இடமா, வலமான்னு மூளை கண்டுபிடிக்குது. அதுக்கு நல்ல ஸ்டீரியோவே போதும்.

சாதா ப்ளூடூத் வேண்டாம். சத்தம் 100 மில்லி செகண்டுக்கு மேல லேட்டா வரலாம்; காலடி கேட்கறதுக்குள்ள உங்க ஆள் அவுட்! ஒயர்தான் பெஸ்ட். 3.5 எம்.எம். பின்னுல மூணு வளையம் இருக்கான்னு பாருங்க. இருந்தா, மைக்குக்கும் அதுலயே வழி இருக்குன்னு அர்த்தம்.

தனி மைக் வாங்கினா 'கார்டியாய்டு' கேளுங்க. முன்னாடி இருந்து வர்ற குரலை நல்லா பிடிக்கும், பின்னாடி சத்தத்தைக் குறைக்கும். அதனால மைக் ஃபேனுக்கு முதுகைக் காட்டட்டும். வாய்க்கு நேரா வேண்டாம், கொஞ்சம் ஓரமா, பக்கத்துல வைங்க.

கடைசியா வால்யூம். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90ன்னா வெறும் 4 மணி நேரம்! ஹெட்செட் போனா வேற வாங்கலாம். காதுக்கு ஸ்பேர் கிடையாது பாஸ்!