பரிசு பெற்ற சிம்பொனியும் பாழடைந்த வீட்டில் கிடந்த ஏடுகளும்

அமெரிக்கக் கறுப்பின இசையமைப்பாளர்களுக்கென நடத்தப்பட்ட ராட்மன் வானமேக்கர் இசையமைப்புப் போட்டியில், 1932ஆம் ஆண்டு இரு பெண்கள் பரிசு பெற்றனர். ஈ மைனர் சிம்பொனிக்காக 500 டாலர் முதல் பரிசைப் பெற்றவர் புளோரன்ஸ் பிரைஸ். அவருடைய பியானோ சொனாட்டாவும் பரிசுப் பட்டியலில் இடம்பெற்றது. 'அமெரிக்காவில் எத்தியோப்பியாவின் நிழல்' என்னும் பொருள்படும் தலைப்புடைய இன்னொரு படைப்புக்குச் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. பாடல் பிரிவில் 'சீ கோஸ்ட்' என்ற படைப்புக்காகப் பரிசு பெற்றவர் மார்கரெட் பாண்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 19; பிரைஸிடம் இசை பயின்றவர்.

அம்பேத்கர் பிறந்தநாளையொட்டியும் பண்பாட்டு விழாக்களையொட்டியும் பறையிசை, கானா, விடுதலைப் பாடல் போட்டிகள் நம் ஊர்களில் நடந்துவருகின்றன. பரிசளிப்பு நிழற்படங்கள் நிலைக்கின்றன. பரிசு பெற்ற பாடல்கள் என்னவாயின என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கான விடையைத் தொண்ணூறு ஆண்டுக்கால வரலாறாகவே காட்டுவது சிகாகோவின் அனுபவம் என்பதால் அதை இங்கே விரிவாகப் பார்க்கிறோம்.

வெள்ளையர் நடத்திய இசை அமைப்புகள் கதவடைத்ததால் கறுப்பினத்தார் தமக்கென ஓர் அமைப்பைக் கட்டினர். 1919இல் சிகாகோவில் உருவான 'நீக்ரோ இசைக்கலைஞர்களின் தேசியச் சங்கம்' அது. அதே ஆண்டில் அதே நகரில்தான் நிறவெறிக் கலவரம் மூண்டு உயிர்களைப் பலிகொண்டது. 1927இல் தொடங்கி 1932 வரை நடந்த இப்போட்டிக்குப் பணம் தந்தவர் பிலடெல்பியாவின் பெரும் பல்பொருள் அங்காடிக் குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளையர் ராட்மன் வானமேக்கர். அந்த அங்காடியில் பணிபுரிந்த கறுப்பின ஊழியர்களின் சங்கமும் இம்முயற்சியில் பங்கேற்றது. போட்டியைக் கறுப்பின இசைக்கலைஞர்களிடம் கொண்டுசேர்த்தது தேசியச் சங்கம். கொடையாளரின் பெயர் போட்டியோடு ஒட்டிக்கொண்டது; உழைத்த சங்கத்தை இன்று நினைவுகூர்வோர் சிலரே. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

பிரைஸ் 1887இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் பிறந்தவர். தந்தை பல் மருத்துவர். பாஸ்டனிலுள்ள நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியில் சேர்க்கும்போது, நிறவெறிக்கு அஞ்சிய தாய், மகளின் சொந்த ஊர் மெக்சிகோவில் இருப்பதாகப் பதிவுசெய்தார். சாதியை மறைத்து வாடகை வீடு தேடிய அனுபவம் உடைய நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1906இல் பட்டம் பெற்றுத் திரும்பியவரை, ஆர்கன்சா இசை ஆசிரியர் சங்கம் நிறத்தைக் காட்டி உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. 1927இல் லிட்டில் ராக்கில் ஒரு கறுப்பினத்தவர் கும்பலால் கொல்லப்பட்டார். அவ்வாண்டே பிரைஸ் குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே மணவாழ்க்கை முறிந்தது. இரு மகள்களோடு நண்பர் வீடுகளில் தங்கினார்; ஊமைப் படங்களுக்கு ஆர்கன் வாசித்தும் வானொலி விளம்பரங்களுக்கு மெட்டமைத்தும் பிழைத்தார். 1931 ஜனவரியில் கால் முறிந்து வீட்டில் முடங்கியபோதுதான் சிம்பொனி எழுத நேரம் வாய்த்தது. பாண்ட்ஸ் குடும்பத்தின் இல்லம் அவருக்குப் புகலிடமாயிற்று. போட்டிக்குரிய நாள் நெருங்கும்போது, இசைக்குறிப்பைப் படியெடுக்கத் தெரிந்த நண்பர்கள் அனைவரும் சமையலறை மேசையைச் சுற்றி அமர்ந்து பிரைஸுக்காக எழுதித் தந்ததைப் பின்னாளில் மார்கரெட் பாண்ட்ஸ் பதிவுசெய்துள்ளார். ஓர் இசைக்குழு வாசிக்க வேண்டுமெனில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் படி வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லாதவருக்கு அந்த மேசையே அச்சகம்.

இனி அந்தப் படைப்பு. சிம்பொனி ஐரோப்பிய வடிவம்; நான்கு பகுதிகள் கொண்டது. ஆனால், பிரைஸ் அதற்குள் வைத்தது வேறு. இரண்டாம் பகுதியில் பித்தளைக் காற்றுக் கருவிகள் தேவாலயப் பாடற்குழுவைப்போல் கூடி இசைக்க, ஆப்பிரிக்க முரசு அடியில் ஒலிக்கிறது. மூன்றாம் பகுதியின் பெயர் 'ஜூபா நடனம்'. வழக்கமாக அவ்விடத்தில் அமைவது விரைவான 'ஸ்கெர்சோ'. பிரைஸ் அதை நீக்கிவிட்டு அடிமைகளின் ஆட்டத்தை அங்கே அமர்த்தினார்.

ஜூபாவுக்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு உண்டு. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ என்னுமிடத்தில் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே இயற்றப்பட்ட அடிமைச் சட்டம் அவர்கள் முரசு வைத்திருப்பதைத் தடைசெய்தது. முரசு பறிக்கப்பட்ட இடங்களில் மக்கள் தம் உடலையே முரசாக்கினர்: கையால் தொடையிலும் மார்பிலும் தட்டியும், காலால் தரையை உதைத்தும் தாளம் எழுப்பினர். ஜூபா அந்தத் தாளத்தில் ஊன்றியது. சட்டம் தடுத்த முரசையும் உடல் காத்த தாளத்தையும் பிரைஸ் ஒரே படைப்பில் சேர்த்தார்.

நம் வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கே முரசு தடுக்கப்பட்டது. இங்கே பறை ஒரு சாதியின் மீது கடமையாகச் சுமத்தப்பட்டது, சாவு வீட்டில் அடிக்க மறுத்தால் தண்டனை என்று. ஆகவேதான் பறையை உதறிய போராட்டமும், பின்னர் அதையே விடுதலைக் கருவியாக மேடையேற்றிய போராட்டமும் நமக்கு வேண்டியிருந்தன. எவர் ஆணையில் முரசு ஒலிக்கிறது என்பதே இரு நாடுகளிலும் வழக்காக இருந்துள்ளது.

1933 ஜூன் 15 அன்று பிரெடரிக் ஸ்டாக் நடத்த, சிகாகோ சிம்பொனி இசைக்குழு பிரைஸின் படைப்பை அரங்கேற்றியது. கறுப்பினப் பெண் ஒருவரின் சிம்பொனியை அமெரிக்காவின் பெரும் இசைக்குழு ஒன்று வாசித்தது அதுவே முதல் முறை. அன்றிரவே மார்கரெட் பாண்ட்ஸ் அதே மேடையில் பியானோ வாசித்தார். இசைக்குழுவின் பெருந்தன்மையால் மட்டும் இது நடந்துவிடவில்லை. 'சிகாகோ டிபெண்டர்' இதழின் இசை விமர்சகரும் கறுப்பின இசைச் சங்கத் தலைவியுமான மாட் ராபர்ட்ஸ் ஜார்ஜ், நிகழ்ச்சிச் செலவுக்கு 250 டாலரைப் பொறுப்பேற்றுக்கொண்டார். பரிசுத் தொகையில் பாதி அது. இந்தப் பெண்மணியைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு.

அதே நிகழ்ச்சி எதனோடு தொடங்கியது தெரியுமா? ஜான் பவலின் 'இன் ஓல்ட் வர்ஜீனியா' என்னும் இசையோடு. பவல் வெறும் இசையமைப்பாளர் அல்லர். வெள்ளை இனத் தூய்மை பேசிய சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். கலப்பு மணத்தைக் குற்றமாக்கிய வர்ஜீனியாவின் 1924ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர். அச்சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் லவிங் வழக்கில் 1967இல்தான் செல்லாதென அறிவித்தது. அகமண முறையே சாதியின் உயிர்நாடி என்று 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவிய அம்பேத்கரைப் படித்தவர்கள், பவல் எந்த ஊரிலும் இருக்கக்கூடியவர் என அறிவார்கள். கறுப்பினச் சங்கத் தலைவி பணம் பொறுப்பேற்ற இரவின் தொடக்க இசை அவருடையது.

பரிசும் அரங்கேற்றமும் முடிந்த பிறகு கதவுகள் மீண்டும் சாத்தப்பட்டன. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் நடத்துநர் செர்கே கௌசெவிட்ஸ்கிக்கு 1943இல் எழுதிய மடலில், பெண்ணாகவும் கறுப்பினத்தவராகவும் இருப்பதே தம் இரு தடைகள் என்று பிரைஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டு, படைப்பைப் படைப்பாக மட்டும் மதிப்பிடக் கோரினார். கௌசெவிட்ஸ்கி வாசிக்கவில்லை. 1939இல் லிங்கன் நினைவகத்தின் முன் 75,000 பேர் கூடிய வரலாற்றுப் புகழ்பெற்ற நிகழ்ச்சியில் மரியன் ஆண்டர்சன் பிரைஸ் இசையமைத்த ஆன்மிகப் பாடலைப் பாடினார். ஆயினும் அவருடைய பெரும் படைப்புகளில் பல அச்சேறவில்லை. 1953இல் அவர் மறைந்தார்.

2009இல் இல்லினாய் மாநிலத்தின் செயின்ட் ஆன் என்ற சிற்றூரில் ஒரு பாழடைந்த வீட்டைச் செப்பனிட வந்தவர்கள், அங்கே கட்டுக்கட்டாக இசைக்குறிப்பு ஏடுகளைக் கண்டனர். அது பிரைஸின் கோடைக்கால வீடு. இரு வயலின் கான்செர்ட்டோக்களும் நான்காம் சிம்பொனியும் அந்த ஏடுகளில் இருந்தன. மழை நீர் இறங்கிய வீடு அது. இன்னும் சில ஆண்டுகள் சென்றிருந்தால் எல்லாம் கூழாகியிருக்கும். நான்காம் சிம்பொனி முதன்முறையாக வாசிக்கப்பட்டது 2018இல். அவ்வாண்டே ஜி. ஷிர்மர் நிறுவனம் பிரைஸின் படைப்புகளுக்கான உலக உரிமையைப் பெற்றது. முதலாம், மூன்றாம் சிம்பொனிகளின் பிலடெல்பியா இசைக்குழு ஒலிப்பதிவுக்கு 2022இல் கிராமி விருது கிடைத்தது. 500 டாலர் பரிசுக்கும் கிராமிக்கும் இடையே 90 ஆண்டுகள். அவ்விடைவெளியில் ஏடுகளைக் காத்தது அதிர்ஷ்டமே. எந்த நிறுவனமும் அன்று.

நம் போட்டிகளுக்கு வருவோம். பிரைஸிடம் எழுதிய ஏடு இருந்தது. நம் கலைஞர்கள் பலரிடம் அதுவும் இல்லை. 1994 வரை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் எழுதப்பட்ட, அல்லது குறியீட்டு வடிவம் பெற்ற இசையையே இசைப் படைப்பாக ஏற்றது. ஸ்வரம் எழுதத் தெரிந்தவர் 'இயற்றியவர்'. அடித்தும் பாடியும் மெட்டுக் கட்டியவர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவர். 1994ஆம் ஆண்டுத் திருத்தமே இதை நீக்கியது. இன்று குறியீட்டில் எழுதாவிட்டாலும் இசையை அமைத்தவரே இசையமைப்பாளர். பதிவும் கட்டாயமன்று. எனினும் வழக்கு என்று வந்தால் சான்று வேண்டும். போட்டிக்குப் பாடல் அனுப்புமுன் தேதியோடு ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது. குழுவாக உருவாக்கிய பாடலில் பங்களித்த அனைவரின் பெயரையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். தலைவரின் பெயரை மட்டும் எழுதும் பழக்கம் பின்னர் பூசலில் முடிகிறது.

விண்ணப்பத்தின் இறுதியில் சிறிய எழுத்தில், அனுப்பப்படும் படைப்புகள் யாவும் அமைப்பாளரின் உடைமை என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்திடும் முன் நிறுத்திப் படிக்க வேண்டும். நம் தோழர்கள் நடத்தும் போட்டியானாலும் இது பொருந்தும். சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பவை குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு; நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும். வேறு ஏற்பாடு எழுதப்படாத நிலையில், பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாதவரிடமிருந்து அது நழுவிவிடும். இயற்றியவர் தாமே என்று உரிமை கோருவதும், தம் மதிப்பைக் கெடுக்கும் வகையில் படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்ப்பதும் 57ஆம் பிரிவில் தனியே காக்கப்பட்டுள்ளன. பொருளாதார உரிமை கைமாறிய பின்னும் அவை இயற்றியவரிடமே இருக்கும்.


போட்டி நடத்துவோர் விதிகளில் சேர்க்க வேண்டியவை இரண்டு: படைப்பின் உரிமை படைத்தவருக்கே என்ற வரி, பரிசு பெற்றவற்றின் ஒலிப்பதிவையும் பாடல் வரிகளையும் எந்த நூலகத்தில் அல்லது ஆவணக் காப்பகத்தில், எந்த நாளுக்குள் ஒப்படைப்போம் என்ற வரி. விதிகளை எழுதும் முன் எங்களிடம் காட்டினால், கட்டணமின்றிப் படித்துத் திருத்தித் தருவோம்.