காக்களூருக்கு எத்தனை எழுத்து?

ஒரு தாளை எடுத்துக் 'காக்களூர்' என்று எழுதுங்கள். எத்தனை எழுத்து? கா, க், க, ளூ, ர். ஐந்து என்பீர்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் அதையே சொல்லும். கணிப்பொறியைக் கேட்டால் 9 என்கிறது. வேறொரு விதமாகக் கேட்டால் 27 என்கிறது. இந்த மூன்று விடைகளும் சரியானவைதாம். எந்த விடை எந்தக் கேள்விக்கு உரியது என்பதை மறந்துவிட்டால் என்ன நேரும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உங்களில் பலர் பள்ளியிலேயே நிரல் எழுதவும் வலைப்பக்கம் அமைக்கவும் கற்றுவருகிறீர்கள். ஆகவே இது உங்களுக்கு உடனே பயன்படும்.

காக்களூர் திருவள்ளூரை ஒட்டியுள்ள ஊர். அங்கே சிட்கோ தொழிற்பேட்டை ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சிறு தொழிற்கூடம் ஒன்றுக்கு என் பழைய மாணவர் ஒருவர் கூலிப் பட்டியல் போடும் நிரலை எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் பெயர்களை இட்டுச் சோதித்தார், அருமையாக ஓடியது. "எங்கள் ஆட்கள் தமிழில்தான் படிப்பார்கள், சீட்டு தமிழில் வரட்டும்" என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். மாணவரும் மகிழ்ச்சியுடன் தமிழ்ப் பெயர்களை ஏற்றிவிட்டார்.

மாதக் கடைசியில் சீட்டுகள் வந்தன. ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'காக்கள' என்றும், அதன்பின் கேள்விக்குறி பொறித்த கறுப்புக் கட்டம் ஒன்றும் இருந்தன. கும்மிடிப்பூண்டியிலிருந்து வருபவரின் சீட்டில் 'கும்மி' என்று மட்டும் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரிக்க முடியாத இன்னொன்றும் நடந்திருந்தது. அங்கே முத்துக்குமார் என்று ஒருவரும் முத்துக்குமரன் என்று ஒருவரும் வேலை பார்த்தார்கள். இருவர் பெயரும் 'முத்து' என்று வெட்டப்பட்டு ஒரே பெயராகிவிட்டன. நிரல் இருவரின் கூடுதல் நேரத்தையும் ஒன்றாகக் கூட்டி ஒரே சீட்டாக அடித்துத் தள்ளியது. முதலில் வரிசையில் நின்றவர் பணத்தை வாங்கிப் போய்விட்டார். மற்றவருக்கு அது ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய வாரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாணவர் என் வீட்டு வாசலில் நின்றார். நிரலைக் காட்டச் சொன்னேன். பெயருக்கான இடம் '20' என்று குறித்திருந்தார். "இருபது என்ன?" என்று கேட்டேன். "இருபது எழுத்து, ஐயா" என்றார். அங்கேதான் பிழை. அவர் பயன்படுத்திய தரவுத்தளம் அந்த இருபதை எழுத்தாகக் கொள்ளவில்லை, பைட்டாகக் கொண்டது. இயற்பியல் வகுப்பில் அலகு எழுதாத விடைக்கு நான் மதிப்பெண் தருவதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்! செவ்வாய்க்கு அனுப்பப்பட்ட அமெரிக்க விண்கலம் ஒன்று 1999 செப்டம்பரில் அழிந்துபோனதும் இப்படிப்பட்ட பிழையால்தான். ஒரு குழு உந்தத்தைப் பவுண்டு அலகில் கணக்கிட்டுத் தந்தது. மற்றொரு குழு அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. எண் ஒன்றுதான், அலகு வேறு.

இப்போது நம் மூன்று விடைகளுக்கும் அலகு போடுவோம். ஐந்து என்பது எழுத்து. ஒன்பது என்பது குறி. இருபத்தேழு என்பது பைட்.

கணிப்பொறிக்கு எழுத்தே தெரியாது, எண்தான் தெரியும். அதனால் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஒவ்வோர் எண் தரும் ஒருங்குறி என்னும் ஏற்பாடு 1991இல் வெளிவந்தது. தமிழ் தொடக்கத்திலேயே அதில் இடம்பெற்றது. நமக்கு ஒதுக்கப்பட்ட வட்டாரத்தில் 128 இடங்களே உள்ளன. 247 எழுத்துகள் அதற்குள் எப்படி அடங்கும்? உயிர்மெய்யைப் பிரித்து வைத்தார்கள். 'க' என்பதற்கு 2965. காலுக்கு 3006. புள்ளிக்கு 3021. ஆகவே 'கா' என்பது 2965, 3006 என்று இரண்டு குறிகள். 'க்' என்பது 2965, 3021 என்று இரண்டு குறிகள். இப்படியே எண்ணிக்கொண்டு போனால் காக்களூருக்கு 2, 2, 1, 2, 2, ஆக ஒன்பது.

இந்தக் குறிகளைச் சேமிக்கவும் அனுப்பவும் இன்று பெரும்பாலும் பயன்படும் முறை யு.டி.எப்-8. கென் தாம்சன், ராப் பைக் என்னும் இருவர் 1992இல் இதை வகுத்தார்கள். உணவு விடுதி ஒன்றில் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் எழுதிப் பார்த்தார்களாம்! இதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். 'க' என்பது 224, 174, 149 என்று மூன்று பைட்டுகளாகப் போகும். முதல் எண்ணை இரும எண்ணாக எழுதிப் பாருங்கள்: 11100000. முன்னால் மூன்று ஒன்றுகள் நிற்கின்றன அல்லவா? 'என்னோடு சேர்த்து மூன்று பைட் வருகிறது' என்று அது அறிவிக்கிறது. பின்தொடரும் பைட்டுகள் எல்லாம் 10 என்று தொடங்கும். இந்த அடையாளத்தால் நடுவில் எங்கே விழித்தாலும் ஒரு குறியின் தொடக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம். எவ்வளவு எளிய உபாயம்!

இப்போது மாணவரின் நிரலுக்கு வருவோம். 20 பைட்டில் முழுதாக ஆறு குறிகள் அடங்கும். மீதம் இரண்டு பைட். மு, த், து என்பவை ஆறு குறிகள். அவ்வளவோடு பெயர் முடிந்தது. மிஞ்சிய இரண்டு பைட்டுகளும் பொருளற்றுப்போய்க் கறுப்புக் கட்டமாயின. முத்துக்குமரனுக்கு எழுத்து எட்டுதான்; ஆனால் குறி 14, பைட் 42.

இடத்தை அகலமாக்கினால் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். அகலமாக்கத்தான் வேண்டும். ஆனால் என் கருத்தில் அந்த நிரலின் பெரும்பிழை வேறு. ஆளைப் பெயரால் அடையாளம் கண்டதே அது. ஒரே பெயரில் இருவர் இருக்க மாட்டார்கள் என்று யார் சொன்னது? நம் ஊரில் ஒரே தெருவில் இருப்பார்கள்! ஒவ்வொருவருக்கும் தனி எண் ஒன்று தந்து, கணக்கையெல்லாம் அந்த எண்ணின் கீழ் வைத்திருந்தால், பெயர் எப்படிச் சிதைந்திருந்தாலும் கூலி மாறிப் போயிருக்காது.

குறிக்கும் எழுத்துக்கும் உள்ள வேற்றுமை இன்னும் பல இடங்களில் காலை வாரும். வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கப்படும் சொல்லைக் கண்டுபிடிக்கும் நிரலைப் பைதானில் எழுதி, அதற்கு 'விகடகவி' என்று கொடுங்கள். 'இல்லை' என்று விடை வரும்! ஏனெனில் அது குறிகளைத் திருப்புகிறது. கடைசியில் இருந்த கொக்கி முதலில் வந்து அனாதையாக நிற்கிறது. அதுபோலவே 'கோபால்' என்னும் பெயரின் முதல் எழுத்தைக் கேட்டால் 'க' என்று கிடைக்கும். வெட்டுவது, திருப்புவது, எண்ணுவது ஆகியவற்றை எல்லாம் முழு எழுத்து அளவில் செய்ய வேண்டும். இதற்கென்று ஆயத்த நிரல்கூறுகள் இப்போது பல மொழிகளில் கிடைக்கின்றன. நீங்களே எழுதுவதும் கடினமன்று: துணைக்குறியோ புள்ளியோ வந்தால் அதை முன்னுள்ள மெய்யோடு ஒட்டிவிடுங்கள்.

ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். 'கொ' என்பதில் வரும் கொம்பும் காலும் சேர்ந்து 3018 என்று ஒரே குறியாகவும் வரலாம். 3014, 3006 என்று இரண்டாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ வெவ்வேறு. தேடும் முன்பும் ஒப்பிடும் முன்பும் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கத்தைச் செய்துவிடுங்கள். 'ஸ்ரீ' இன்னும் பொல்லாதது. 2005இல் ஒருங்குறியில் 'ஶ' சேர்க்கப்பட்ட பின் அதற்கு இரண்டு எழுத்துக்கூட்டு உண்டாகிவிட்டது. இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. நீங்கள்தாம் தனியே கவனிக்க வேண்டும்.

அகரவரிசையும் அப்படித்தான். குறியெண்களின்படி அடுக்கினால் ர, ற, ல, ள, ழ, வ என்று வரும். 'ந' வுக்கு அடுத்தே 'ன' வந்து நிற்கும். புள்ளியின் எண் மற்ற குறிகளைவிடப் பெரிது. ஆதலால் அகராதியில் முன்னால் வர வேண்டிய 'பக்கம்' என்னும் சொல் 'பகல்' என்பதற்குப் பின்னால் போய்விடும். தமிழுக்கான அடுக்கு விதியைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள்.

'247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தந்திருந்தால் இத்தொல்லை ஏது?' என்று கேட்பவர்கள் உண்டு. அத்தகைய ஏற்பாடு ஒன்றை ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010இல் தரமாக ஏற்றதும் உண்மை. கேள்வி நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் உலகத்துக் கைப்பேசிகளில் எல்லாம் குடியேறிவிட்ட ஒன்றை இனி மாற்றுவது எளிதன்று. தொண்ணூறுகளில் ஒவ்வொரு எழுத்துருவும் தன் விருப்பப்படி எண்களை வைத்துக்கொண்டிருந்தது. அந்த எழுத்துரு உங்களிடம் இல்லையென்றால் தமிழ்ப் பக்கம் முழுவதும் புரியாத கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் பாடுபட்டது. அதைப் பார்த்தவர்களுக்கு இன்றைய நிலை எவ்வளவோ மேல்.

என் மாணவர் அந்த ஞாயிறு மாலைக்குள் இடத்தை அகலப்படுத்தி, ஆளுக்கோர் எண்ணும் தந்துவிட்டார். சோதனைக்கு ஆங்கிலப் பெயர்களை இடாமல், தொழிற்கூடத்தின் பதிவேட்டிலிருந்த பெயர்களையே இட்டோம். திங்களன்று அவரே போய் விவரம் சொல்ல, வாங்கியவர் மிகைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். முத்துக்குமரனுக்குரியது அவர் கைக்கு வந்தது.

திருவள்ளூருக்கு 6 எழுத்து, 11 குறி, 33 பைட். கும்மிடிப்பூண்டிக்கு 8 எழுத்து, 16 குறி, 48 பைட். உங்கள் ஊருக்கு எத்தனை? முதலில் தாளில் கணக்கிட்டுவிட்டு, பிறகு கணிப்பொறியைக் கேளுங்கள். 'க்ஷ' வரும் ஊராக இருந்தால் இரண்டு விடையும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.